ஸ்க்ரிம்மேஜ் பார்க்கப் போகும் முன் எண்களைப் பாருங்கள்

ஜூன் கடைசியில் வட அமெரிக்காவின் பெரிய ஐஸ் ஹாக்கி லீகான என்எச்எல்லின் டிராஃப்ட் (அணிகள் முறைவைத்து இளம் வீரர்களைத் தேர்ந்தெடுப்பது) முடிந்த கையோடு, ஜூலை முதல் வாரத்தில் அணிகள் தங்கள் இளம் வீரர்களை வரவழைத்து சில நாள் பயிற்சி முகாம் நடத்துகின்றன. முகாமின் கடைசியில் பெரும்பாலும் ஒரு ஸ்க்ரிம்மேஜ் இருக்கும். வந்த பையன்களையே இரண்டாகப் பிரித்து ஆடவிடும் பயிற்சி ஆட்டம், அவ்வளவுதான். ஆனால் அன்று ராத்திரிக்குள் யாரோ ஒரு பையன் மூன்று பேரை ஏமாற்றிவிட்டு பக்கை (பந்துக்குப் பதிலாக ஆடும் ரப்பர் வட்டு) வலைக்குள் தூக்கிப் போட்ட வீடியோ எல்லா ஃபோனுக்கும் வந்துவிடுகிறது. இவனை எப்படி ஐந்தாவது சுற்று வரைக்கும் விட்டுவைத்தார்கள் என்று ஒரு கூட்டம் கிளம்பும். முதல் சுற்றில் எடுத்த பையன் அன்றைக்குக் கொஞ்சம் மந்தமாகத் தெரிந்தால், அவன் தேறமாட்டான் என்று இன்னொரு கூட்டம் தீர்ப்பு எழுதிவிடும். அவனுக்கு வயது பதினெட்டு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்க்ரிம்மேஜ் பார்ப்பது எனக்கு ரொம்பப் பிடிக்கும், அதைப் பார்ப்பதில் பயனும் இருக்கிறது. ஆனால் ஒரு பையன் எவ்வளவு திறமையானவன் என்று அங்கே தெரியாது, எப்படி ஆடுகிறான் என்றுதான் தெரியும். எவ்வளவு என்பதற்கு ஒரு முழு சீசனின் எண்கள் வேண்டும். அந்த எண்கள் எப்படி வந்தன என்று எண்களே சொல்லாது, அதற்குக் கண் வேண்டும். அதனால் எண்களைப் பார்த்து ஒரு கேள்வியை உருவாக்கிக்கொண்டு ரிங்குக்குப் போக வேண்டும். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: ரிங்கில் ஒருவனைப் பிடித்துப்போய், வீட்டுக்கு வந்து அதற்கு ஏற்ற எண்ணைத் தேடுகிறார்கள்.

இந்த முகாம்களில் யார் யார் வருகிறார்கள் என்று பாருங்கள். அந்த வருடம் டிராஃப்டில் எடுத்த பதினெட்டு வயதுப் பையன்கள், முந்தைய இரண்டு மூன்று வருடங்களில் எடுத்தவர்கள், அப்புறம் யாரும் எடுக்காமல் அழைப்பின் பேரில் வந்த கல்லூரி வீரர்கள், அவர்களில் சிலருக்கு 22, 23 வயது. இவர்களை ஒரே ஐஸில் விட்டால் என்ன ஆகும்? பதினெட்டு வயதுக்காரனுக்கும் இருபத்திரண்டு வயதுக்காரனுக்கும் நடுவே உடம்பில் உள்ள வித்தியாசம் பெரியது. பலர் வசந்த காலத்தில் சீசன் முடிந்ததிலிருந்து ஒழுங்காக ஆட்டமே ஆடியிருக்க மாட்டார்கள். முழு வேகத்தில் இடிப்பது அநேகமாகக் கிடையாது. கூட ஆடுபவன் பெயரே அன்றைக்குத்தான் பழகியிருக்கும், அதனால் அணியின் அமைப்பு என்று ஒன்று இருக்காது. நிறைய அணிகள் இதை வழக்கமான 5-க்கு 5-ஆக இல்லாமல் 3-க்கு 3 ஆட்டமாகவே நடத்துகின்றன, அப்படி ஆடும்போது ஐஸில் இடம் கொட்டிக் கிடக்கும். பக்கை வைத்துக்கொண்டு வித்தை காட்டத் தெரிந்தவனுக்கு இதைவிட நல்ல மேடை கிடைக்காது. சுவரோரம் ஒருவன் முதுகில் அழுத்திக்கொண்டு நிற்கும்போது பக்கை மீட்டுத் தருகிற பையன், பாஸ் போகும் பாதையை முன்கூட்டியே அடைத்து நிற்கிற பையன், இவர்களெல்லாம் அன்றைக்குக் காணாமலே போய்விடுவார்கள். வலைப்பயிற்சியில் சிக்ஸர் அடிப்பவரைப் பார்த்து டெஸ்ட் அணியைத் தேர்வு செய்ய முடியுமா? அதே கதைதான் இங்கேயும்.

சரி, அப்படியானால் எதைப் பார்ப்பது? எதிராளி யாராக இருந்தாலும் மாறாத விஷயங்களைப் பார்க்கலாம். முதலில் ஸ்கேட்டிங். நின்ற இடத்திலிருந்து முதல் மூன்று எட்டில் எவ்வளவு வேகம் பிடிக்கிறான், முழங்கால் எவ்வளவு மடங்கியிருக்கிறது, திரும்பும்போது வேகம் செத்துப்போகிறதா, இடதுபக்கம் திரும்புவதும் வலதுபக்கம் திரும்புவதும் ஒரே மாதிரி இருக்கிறதா. அடுத்தது தலை. பக் தன்னிடம் வருவதற்கு முன்பே தோளுக்கு மேலே ஒருமுறை திரும்பிப் பார்க்கிறானா? இதை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன், ஏனென்றால் இது பழக்கம், யாரும் இடிக்காத ஆட்டத்தில்கூட அந்தப் பழக்கம் உள்ளவன் பார்ப்பான், இல்லாதவன் பார்க்கமாட்டான். மூன்றாவது, பக்கை இழந்த அடுத்த இரண்டு விநாடி. உடனே திரும்பித் துரத்துகிறானா, இல்லை வளைவு போட்டு நிதானமாக வருகிறானா? பக் ஸ்டிக்கைத் தொட்டதற்கும் ஷாட் கிளம்புவதற்கும் நடுவே எவ்வளவு நேரம் எடுக்கிறான் என்பதும் தெரியும். இதெல்லாம் கோல் விழுந்ததா இல்லையா என்பதைப் பொறுத்ததல்ல. எங்கள் ஊர் டொரன்டோவின் மேப்பிள் லீஃப்ஸ் அணி பயிற்சி செய்யும் எட்டோபிகோ ரிங்கில் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்க்கும்போது நான் ஸ்கோர் என்னவென்று கவனிப்பதே இல்லை.

இப்போது எண்களுக்கு வருவோம். ஒரு பையன் பதின்வயதினர் ஆடும் ஜூனியர் லீகில் ஆட்டத்துக்கு ஒரு புள்ளி எடுத்தான் என்றால் (கோலும், கோலுக்குப் பாஸ் தரும் அசிஸ்டும் சேர்த்துத்தான் புள்ளி) அதற்கு என்ன அர்த்தம்? எந்த லீக் என்று தெரியாமல் ஒரு அர்த்தமும் இல்லை. இதற்காக கேப்ரியல் டெஜார்டான் என்ற ஆய்வாளர் 2000-களில் ஒரு வழி கண்டார். ஒரு லீகிலிருந்து என்எச்எல்லுக்கு வந்தவர்களின் புள்ளிகள் எவ்வளவு குறைந்தன என்று பார்த்து, லீகுக்கு ஒரு பெருக்கெண் போட்டார். ஒன்டாரியோவின் ஜூனியர் லீகான ஓஎச்எல்லுக்கு ஏறக்குறைய 0.3, என்எச்எல்லுக்கு நேர் கீழே உள்ள ஏஎச்எல்லுக்கு 0.45-ஐ ஒட்டி. அதற்குப் பிறகு பலர் இதைத் திருத்தி மேம்படுத்தியிருக்கிறார்கள், ஆனால் அடிப்படை அதேதான். கணக்கும் சுலபம். 2014-15-இல் ஓஎச்எல்லின் லண்டன் நைட்ஸ் (ஒன்டாரியோவில் உள்ள லண்டன்) அணிக்காக மிச் மார்னர் 63 ஆட்டத்தில் 126 புள்ளி எடுத்தார், அதாவது ஆட்டத்துக்கு 2. அதை 0.3-ஆல் பெருக்கி, அப்போதைய என்எச்எல் சீசனின் 82 ஆட்டத்துக்குக் கணக்கிட்டால் 49 வரும். இன்னொரு வருடம் ஜூனியரில் ஆடிவிட்டு வந்த மார்னர் தன் முதல் என்எச்எல் சீசனில் 61 எடுத்தார். மோசமில்லாத கணிப்பு. ஆனால் அதே வருடம் கானர் மெக்டேவிட் 47 ஆட்டத்தில் 120 எடுத்தார், அவருக்கு இந்தக் கணக்கு 63 என்று சொல்லும். அவரோ நேராக என்எச்எல்லுக்குப் போய் முதல் சீசனில் 45 ஆட்டத்திலேயே 48 எடுத்துவிட்டார். பெருக்கெண் என்பது சராசரி ஆளுக்கானது, அசாதாரணமானவனை அது எப்போதும் கீழே இழுத்துக் காட்டும்.

அந்த 2014-15 ஓஎச்எல் சீசனை நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பதுண்டு, ஏனென்றால் கண்ணும் எண்ணும் எங்கெங்கே சரியாக இருக்கும், எங்கெங்கே தடுக்கி விழும் என்பது முழுவதும் அதற்குள்ளேயே இருக்கிறது. ஈரி ஆட்டர்ஸ் என்ற ஒரே அணியில் மெக்டேவிட், டிலன் ஸ்ட்ரோம், அலெக்ஸ் டெப்ரின்காட் மூவரும் இருந்தார்கள். லீகிலேயே அதிகப் புள்ளி எடுத்தவர் ஸ்ட்ரோம், 68 ஆட்டத்தில் 129. மேலே சொன்ன கணக்கில் அவருக்கும் மார்னருக்கும் இடையே பெரிய வித்தியாசமே இல்லை, 47-க்கும் 49-க்கும் உள்ள இடைவெளிதான். 2015 டிராஃப்டில் ஸ்ட்ரோம் மூன்றாவது, மார்னர் நான்காவது. ஆட்டத்தைப் பார்த்தவர்கள் ஒரு விஷயம் சொன்னார்கள்: ஸ்ட்ரோமுக்குக் கை இருக்கிறது, மூளை இருக்கிறது, கால் வேகம் போதாது. அது உண்மைதான். டிராஃப்டில் எடுத்த அரிசோனா அணியில் அவரால் நிலைக்க முடியவில்லை, 2018 நவம்பரில் சிகாகோவுக்கு மாற்றிவிட்டார்கள், "வீணாய்ப்போன மூன்றாம் தேர்வு" என்ற பெயரும் வந்துவிட்டது. சிகாகோவில் அந்த மிச்ச சீசனில் மட்டும் 58 ஆட்டத்தில் 51 புள்ளி. பிறகு வாஷிங்டன் போய் 2024-25-இல் 82 ஆட்டத்தில் 82 புள்ளி. கண் சொன்ன குறை சரி, அந்தக் குறையிலிருந்து எடுத்த முடிவு தப்பு. வேகம் இல்லாத ஒருவர் எங்கே நின்றால் வேகம் தேவைப்படாது என்று கற்றுக்கொள்ள அவருக்குச் சில வருடங்கள் ஆயின, அந்தச் சில வருடங்களைக் கொடுக்க எல்லோருக்கும் பொறுமை இருக்கவில்லை.

டெப்ரின்காட் கதை இன்னும் சுவாரசியம். 5 அடி 7 அங்குலம்தான் உயரம். ஈரியில் முதல் சீசனில் 51 கோல் அடித்தார், பக்கத்தில் மெக்டேவிட் இருந்தார். அதனால்தான் அடிக்கிறான் என்றார்கள், நியாயமான சந்தேகம்தான். அடுத்த வருடம் மெக்டேவிட் எட்மன்டன் போய்விட்டார், டெப்ரின்காட் மறுபடியும் சரியாக 51. இப்போது ஸ்ட்ரோமால்தான் அடிக்கிறான் என்றார்கள். 2016 டிராஃப்டில் 38 பேர் போன பிறகுதான் சிகாகோ அவரை எடுத்தது. மூன்றாவது வருடம் 65. கூட ஆடுபவன் யார் என்று கேட்பது எண்களை வாசிப்பதில் மிகவும் தேவையான கேள்வி, ஆனால் கேட்டுவிட்டுப் பதில் வந்த பிறகும் விடாமல் அதையே கேட்டுக்கொண்டிருந்தால், உயரத்தை ஒப்புக்கொள்ள மனமில்லை என்று அர்த்தம். என்எச்எல்லில் முதல் வருடம் 28 கோல், இரண்டாம் வருடம் 41.

எண்களை வாசிக்கும்போது பெரும்பாலானோர் தவறவிடுவது வயதை. வருடத்தை மட்டும் பார்த்தால் போதாது, மாதம் தேதி வரை பார்க்க வேண்டும். செப்டம்பர் 15-க்குள் 18 வயது நிரம்பினால் அந்த வருட டிராஃப்ட், இல்லையென்றால் அடுத்த வருடம், இதுதான் விதி. ஆஸ்டன் மேத்யூஸ் பிறந்தது 1997 செப்டம்பர் 17. இரண்டு நாள் வித்தியாசத்தில் 2015 டிராஃப்டைத் தவறவிட்டு, 2016 டிராஃப்டில் ஏறக்குறைய மிக மூத்தவராக வந்தார். நிக் ராபர்ட்சன் பிறந்தது 2001 செப்டம்பர் 11, நான்கு நாள் வித்தியாசத்தில் 2019 டிராஃப்டுக்குள் வந்தார், அதில் மிக இளையவர்களில் ஒருவர். இவர் மாதிரி ஒருவரையும் மேத்யூஸ் மாதிரி ஒருவரையும் ஒரே பட்டியலில் வைத்துப் புள்ளியை ஒப்பிட்டால் கிட்டத்தட்ட ஒரு முழு வருட வளர்ச்சியை விழுங்கிவிட்டு ஒப்பிடுகிறோம்.

ராபர்ட்சனை லீஃப்ஸ் 53-ஆவது இடத்தில் எடுத்தார்கள், அடுத்த சீசனில் ஓஎச்எல்லின் பீட்டர்பரோ அணியில் 46 ஆட்டத்தில் 55 கோல் அடித்தார். ஆட்டத்துக்கு ஒரு கோலுக்கும் மேல், அதுவும் பதினெட்டு வயதில்! எண்களை நம்பும் எங்களைப் போன்றவர்களுக்கு அப்போது கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. ஆனால் அதற்குப் பிறகு கால் எலும்பு முறிவு, தோள்பட்டை அறுவை சிகிச்சை, அணியில் உள்ளே வெளியே என்று போய்க்கொண்டே இருந்தது, 2024-25-இல் 69 ஆட்டத்தில் 15 கோல். எண்கள் பொய் சொல்லவில்லை, அந்த ஷாட் உண்மையானது, இன்றைக்கும் இருக்கிறது. ஆனால் பெரிய உடம்புகளுக்கு நடுவே அந்த ஷாட்டுக்கான இடத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ள வேண்டும், அதை ஜூனியர் எண் அளப்பதில்லை. இதை நான் சேர்த்தே சொல்லவேண்டும், இல்லையென்றால் டெப்ரின்காட்டை மட்டும் காட்டி ஊரை ஏமாற்றியவனாவேன்.

வயதின் மறுமுனைக்கு அர்ஷ்தீப் பெய்ன்ஸ். பிரிட்டிஷ் கொலம்பியாவின் சர்ரேயைச் சேர்ந்த பஞ்சாபிப் பையன், டிராஃப்டில் யாரும் எடுக்கவில்லை. 2021-22-இல் ரெட் டீர் அணிக்காக 68 ஆட்டத்தில் 112 புள்ளி எடுத்து மேற்குக் கனடாவின் ஜூனியர் லீகான டபிள்யூஎச்எல்லில் முதலிடம், தெற்காசிய வம்சாவளியில் அந்த இடத்தைப் பிடித்த முதல் ஆள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வராத குறை. ஆனால் அந்த சீசன் நடுவில் அவருக்கு 21 வயது ஆகிவிட்டது, ஜூனியரில் அதுதான் கடைசி வருடம். பதினேழு வயதுக்காரர்களுக்கு எதிராக எடுத்த புள்ளிகளும் அதில் சேர்ந்திருந்தன. வான்கூவர் அணி அவரை ஒப்பந்தம் செய்தது, 2024 பிப்ரவரியில் ஏஎச்எல் ஆல்-ஸ்டார் போட்டியின் சிறந்த வீரர் ஆனார், அதே மாதம் என்எச்எல்லிலும் இறங்கினார். 112 என்ற எண்ணைப் பார்த்து என்எச்எல் நட்சத்திரத்தை எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். வயதைச் சேர்த்துப் பார்த்தவர்களுக்குத் தெரிந்தது ஒரு நல்ல ஏஎச்எல் வீரர், என்எச்எல்லுக்குக் கதவு தட்டக்கூடியவர். யாரும் எடுக்காத ஒரு பையன் அங்கே வந்து சேர்ந்ததே பெரிய காரியம்.

பெரியவர்களின் லீகில் ஆடும் பையன்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் அநேகமாக உடைந்துபோகும். மோரிட்ஸ் சைடரை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியில் மான்ஹைம் அணிக்காக 29 ஆட்டத்தில் வெறும் 6 புள்ளி. 2019-இல் டெட்ராய்ட் அவரை ஆறாவது இடத்தில் எடுத்தபோது கேமரா முன்னால் அவரே திகைத்துப்போனார், அந்த முகத்தை எல்லோரும் பார்த்தோம். எண்ணை மட்டும் பார்த்தவர்களுக்கு அது தவறான தேர்வு. ஆனால் அந்த 6-ஐ எடுத்தவர் 17 வயதில், முப்பது வயதுக்காரர்களுக்கு எதிராக ஆடிய டிஃபென்ஸ்மேன். அந்த வயதில் அப்படி ஒரு அணியில் ஒருவருக்கு இடம் கிடைப்பதே ஒரு புள்ளிவிவரம்தான். பயிற்சியாளர் எத்தனை நிமிடம் ஐஸில் விடுகிறார், யாருக்கு எதிராக விடுகிறார், கடைசி ஐந்து நிமிடத்தில் முன்னிலையைக் காப்பாற்ற விடுகிறாரா, இதைத்தான் பார்க்க வேண்டும். 2021-22-இல் அவர் 50 புள்ளி எடுத்து கால்டர் கோப்பையை, சிறந்த புதுமுக வீரருக்கான விருதை, வாங்கினார். டிஃபென்ஸ்மேன்களைப் புள்ளியால் அளப்பதில் எனக்குப் பொதுவாகவே நம்பிக்கை குறைவு. கோல்காப்பாளர்களைப் பற்றி இதைவிடவும் குறைவு, அவர்களைத் தொடப்போவதில்லை.

எல்லோரும் சேர்ந்து ஒப்புக்கொண்டு ஏமாந்த கதை நெயில் யாகுபோவ். சார்னியா அணிக்காக முதல் ஓஎச்எல் சீசனில் 65 ஆட்டத்தில் 101 புள்ளி, 49 கோல். பார்க்கவும் கொள்ளை அழகு, வேகம், ஷாட், உற்சாகம். 2012-இல் முதல் தேர்வு. எண்ணும் கண்ணும் ஒன்றாகத் தலையாட்டியது. என்எச்எல்லில் முதல் வருடம், ஆட்ட நிறுத்தத்தால் சுருங்கிய 48 ஆட்ட சீசனில், 17 கோல் அடித்தபோது நம்பிக்கை இன்னும் கூடியது. ஆனால் அவர் அடித்த ஷாட்களில் ஐந்தில் ஒன்றுக்கும் மேல் வலைக்குள் போயிருந்தது. என்எச்எல்லில் சராசரியாகப் பத்தில் ஒன்றுதான் போகும். அடுத்த வருடம் 63 ஆட்டத்தில் 11 கோல். மொத்தம் 350 ஆட்டம், 136 புள்ளி, அதோடு முடிந்தது. பக் இல்லாதபோது எங்கே போவது என்று தெரியாதவர் என்பதை முதலில் பலரும் அவ்வளவாகக் கவனிக்கவில்லை, கோல்கள் கண்ணை மறைத்துவிட்டன. 48 ஆட்டத்தின் ஷாட் சதவீதமே இப்படி ஏமாற்றுமென்றால், ஒரு சாயங்காலத்து ஸ்க்ரிம்மேஜில் நான்கு ஷாட்டுக்கு மூன்று கோல் அடித்ததை வைத்து எதைச் சொல்ல முடியும்?

ஸ்க்ரிம்மேஜில் குறையைப் பார்ப்பவர்கள் கட்டாயம் படிக்க வேண்டியது பிரேடன் பாயின்ட்டின் கதை. டபிள்யூஎச்எல்லின் மூஸ் ஜா அணிக்காக டிராஃப்ட் வருடத்தில் 72 ஆட்டத்தில் 91 புள்ளி, ஆனாலும் 2014-இல் 78 பேருக்குப் பிறகு 79-ஆவதாகத்தான் டாம்பா பே அவரை எடுத்தது. உடம்பு சின்னது, ஸ்கேட்டிங் நடை சரியில்லை என்று எண்ணம். நடை சரியில்லை என்பது உண்மைதான். ஆனால் டாம்பாவிடம் பார்பரா அண்டர்ஹில் இருந்தார், 1984-இல் ஜோடி ஃபிகர் ஸ்கேட்டிங்கில் உலகச் சாம்பியனான கனடியர், பிற்பாடு ஹாக்கி வீரர்களுக்கு ஸ்கேட்டிங் கற்றுத் தருபவர். கால் வைக்கும் விதம், உடம்பு சாயும் விதம் என்று பிரித்துப் பிரித்து வேலை செய்தார்கள். அந்தப் பையன் இன்றைக்கு லீகின் வேகமான சென்டர்களில் (முன்வரிசையின் நடு ஆட்டக்காரர்) ஒருவர், டாம்பா என்எச்எல் பட்டமான ஸ்டான்லி கோப்பையை வென்ற 2020, 2021 இரண்டு வருடமும் ப்ளேஆஃப் எனும் இறுதிச்சுற்றுகளில் தலா 14 கோல், 2022-23-இல் 51 கோல். இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான்: குறையைக் கண்டுபிடிப்பதோடு நிறுத்தக்கூடாது, அது திருத்தக்கூடிய குறையா என்று கேட்கவேண்டும். கால் வைக்கும் முறை திருத்தக்கூடியது, ஷாட்டின் பலம் திருத்தக்கூடியது, உடம்பின் எடை தானாக வரும். ஆட்டத்தை வாசிக்கும் வேகம் பதினெட்டு வயதுக்கு மேல் பெரிதாக மாறுவதை நான் பார்த்ததில்லை. அதனால் கால் மந்தமாகவும் தலை வேகமாகவும் இருக்கும் பையனை எனக்கு எப்போதும் பிடிக்கும், கால் வேகமாகவும் தலை குனிந்தும் இருப்பவனிடம் பயம்.

நடுவில் ஒன்று, இது பெற்றோர்களுக்கு. ஸ்கார்பரோ, மார்க்கம், பிராம்ப்டன் பக்கம் இப்போது தமிழ்க் குழந்தைகள் நிறையப் பேர் ஹாக்கி பையைத் தூக்கிக்கொண்டு ரிங்குக்குப் போகிறார்கள், பார்க்கவே அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது. பத்து வயதுப் பையனின் கோல் கணக்கைக் காட்டி, இவனுக்கு எதிர்காலம் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். கனடாவில் சிறுவர் ஹாக்கியில் வயதுப் பிரிவு ஜனவரி 1-ஐ வைத்துப் பிரிக்கப்படுகிறது. ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவு. பத்து வயதில் பதினொரு மாத வித்தியாசம் உடம்பில் நன்றாகவே தெரியும். பெரிய பையனைப் பெரிய அணி எடுக்கும், அவனுக்கு நல்ல பயிற்சியாளர் கிடைப்பார், அதிக ஐஸ் நேரம் கிடைக்கும், வித்தியாசம் இன்னும் பெரிதாகும். இதை 1980-களிலேயே கனடாவில் ரோஜர் பார்ன்ஸ்லியும் உடன் ஆய்ந்தவர்களும் காட்டிவிட்டார்கள். 2013-இல் வந்த ஓர் ஆய்வு, வருடக் கடைசியில் பிறந்தவர்களை என்எச்எல் அணிகள் அவர்கள் திறமைக்குத் தகுந்த இடத்துக்கும் பின்னால்தான் எடுக்கின்றன என்று காட்டியது. உங்கள் குழந்தை அக்டோபரில் பிறந்ததென்றால், தயவுசெய்து கோல் எண்ணுவதை விட்டுவிடுங்கள், தொடர்ந்து ஆட ஆசையோடு போகிறதா என்று மட்டும் பாருங்கள்.

முகாமுக்குப் போவதற்கு முன் நான் என்ன செய்கிறேன் என்று சிலர் கேட்டிருந்தார்கள். வரும் பையன்களில் ஆறேழு பேரை மட்டும் எடுத்துக்கொள்வேன், முப்பது பேரையும் ஒரு சாயங்காலத்தில் பார்க்க முடியாது. ஒவ்வொருவனுக்கும் அவன் எண்ணில் எது இடிக்கிறதோ அதைக் கேள்வியாக எழுதிக்கொள்வேன். ஒருவன் புள்ளிகளில் பாதி பவர் ப்ளேயில் (எதிரணியில் ஓர் ஆள் தண்டனையால் வெளியே இருக்கும் நேரம்) வந்ததென்றால், எதிரணியும் ஐந்து பேரோடு நிற்கும்போது சுவரோரம் நெருக்கடியில் பக்கை வைத்து என்ன செய்கிறான் என்பது கேள்வி. ஒருவனுடைய அசிஸ்ட்களில் பெரும்பாலும் இரண்டாவது அசிஸ்ட் என்றால், அதாவது கோலுக்கு முந்தைய பாஸுக்கும் முந்தைய பாஸ், அந்த ஆட்டத்தைத் தொடங்கி வைப்பவன் இவனா, இல்லை தொட்டுவிட்டு வேடிக்கை பார்த்தவனா என்பது கேள்வி. ஒருவன் போன வருடம் 20 வயதில் ஜூனியரை அடித்து நொறுக்கினான் என்றால், இங்கே தன் வயதுக் கல்லூரிக்காரர்களுக்கு எதிரில் அந்த நேரமும் இடமும் அவனுக்குக் கிடைக்கிறதா என்று பார்ப்பேன். ஐஸில் அவன் இருக்கும்போது பக்கைப் பார்க்காமல் அவனை மட்டும் பார்ப்பேன். இது ஆரம்பத்தில் கஷ்டம், கண் தானாகப் பக்கைத் தேடி ஓடும், கொஞ்ச நாளில் பழகிவிடும். நான்கைந்து முறை அவன் இறங்கி ஏறினால் போதும், எழுதிக்கொண்டு அடுத்தவனுக்குப் போய்விடுவேன்.

வீட்டுக்கு வந்த பிறகு என் வரிசையை அன்றைக்கு மாற்றுவதில்லை, இதில் நான் கறாராக இருக்கிறேன். ஒரு சீசன் முழுக்க அறுபத்து சொச்சம் ஆட்டம் சொன்னதை ஒரு மணி நேரம் மாற்றக்கூடாது. ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு: போன ஜூலையில் பார்த்த அதே பையனிடம் ஒரு குறை இருந்து, இந்த ஜூலையில் அது காணாமல் போயிருந்தால். அது ஒரு மணி நேரத்தின் செய்தியல்ல, ஒரு வருட உழைப்பின் செய்தி, எண்ணில் அது வருவதற்கு இன்னும் ஆறு மாதம் ஆகும். கண்ணால் பார்ப்பவனுக்கு இருக்கும் மிகப் பெரிய அனுகூலமே அதுதான் என்று நினைக்கிறேன்.

இப்போது எண்களின் பக்கமும் ஒரு குழப்பம் வந்திருக்கிறது. கனடாவின் பெரிய ஜூனியர் லீகுகளில் ஆடியவர்கள் அமெரிக்கக் கல்லூரி ஹாக்கிக்குப் போக முடியாது என்று வெகுகாலமாக இருந்த தடை 2024 நவம்பரில் உடைந்து, 2025 ஆகஸ்டிலிருந்து கதவு திறந்துவிட்டது. மெடிசின் ஹாட் அணிக்காக 56 ஆட்டத்தில் 129 புள்ளி எடுத்த கேவின் மெக்கென்னா அடுத்த சீசனுக்கு பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். அவரைப் போல ஜூனியரில் வயதில் மூத்தவர்களும் சிறந்தவர்களும் கல்லூரிக்குப் போகப் போக, ஓஎச்எல் இளையவர்களின் லீகாக மாறும், கல்லூரி லீக் கடினமாகும். பழைய 0.3, பழைய எந்தப் பெருக்கெண்ணும், பழைய லீகுகளிலிருந்து கணக்கிட்டது. இனி வரும் இரண்டு மூன்று வருடத்துக்கு ஓஎச்எல்லில் 100 புள்ளி எடுத்தவனைப் பார்த்தால் அது பழைய 100-தானா என்று கேட்டாக வேண்டும், கல்லூரியில் முதல் வருடம் 25 புள்ளி எடுத்தவனை அவசரமாக ஒதுக்கவும் கூடாது. புதுப் பெருக்கெண்கள் வரும் வரை, அந்த இடைவெளியில், ரிங்குக்குப் போய்ப் பார்ப்பதன் மதிப்பு கூடும் என்பது என் எண்ணம்.

செப்டம்பரில் ரூக்கி போட்டிகள், அதாவது அணிகளின் புதுமுகங்கள் மோதும் ஆட்டங்கள், வரும். வேறு அணிச் சீருடை, ஒப்பந்தத்துக்காக ஆடும் பையன்கள், இடிப்பதும் நிஜமாக இருக்கும். ஜூலையில் எழுதி வைத்த கேள்விகளில் பாதிக்கு அங்கேதான் பதில் கிடைக்கும், போக முடிந்தால் அதற்குப் போங்கள்.